போகும்போது மட்டும் நின்ற கார்

போன மாதம் பெட்டாலிங் ஜெயாவில் பெட்ரோல் போட நிறுத்தினேன். டேங்க் மூடியைத் திருகியதும் உள்ளேயிருந்து ஒரு சத்தம். ‘ஸ்ஸ்’ என்று மெல்லியதாக, வெகுநேரம் அடக்கிவைத்த மூச்சை யாரோ விடுவதுபோல. வெயில் நாளில் எந்தக் காரும் செய்யக்கூடியதுதான். ஆனாலும் என் கை மூடியோடு அப்படியே நின்றுவிட்டது. பின்னால் காத்திருந்தவர் ஹாரன் அடித்தார். காதில் விழுந்தது, நகரத் தோன்றவில்லை. நாற்பது வருடத்துக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமையில், சூடேறிய தோல் சீட்டில் தொடை ஒட்டிக்கொள்ள, அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அத்தை, அம்மாவின் அண்ணன் மனைவி. மாமாவுக்கு ரயில்வேயில் வேலை. பிரிக்ஃபீல்ட்ஸில் அவர்கள் வீடும் எங்கள் வீடும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டவை. அந்தப் பக்கம் கரண்டி விழுந்தால், விழுந்தது எந்தக் கரண்டி என்று இந்தப் பக்கத்திலிருந்து அம்மா சொல்லிவிடுவாள். மாமாவிடம் ஒரு பழைய இங்கிலாந்துக் கார் இருந்தது. அப்போதே அது பழசு. வளைந்த முதுகும் பிதுங்கிய விளக்குகளும் பாசிப் பச்சை நிறமுமாக, மழைக்குப் பிறகு வாசலில் வந்து உட்காரும் தவளை மாதிரி இருக்கும்.

ஞாயிறுதோறும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர்கள் இருவரும் அந்தக் காரில் கிள்ளானுக்குப் போவார்கள். பண்டமாரானில் அத்தையின் அக்கா வீடு. ஒரு ஞாயிறு காலை இருவருக்கும் சண்டை. சட்டைப் பொத்தானில் ஆரம்பித்து, கல்யாணத்துக்கு யார் வரவில்லை என்பதுவரை போனது. நாங்கள் இட்லியைப் பிட்டபடி சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தோம். கடைசியில் அத்தையின் குரல்:

“நீங்களே போங்க. நான் வரல.”

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கார் கிளம்பியது. அதன் பிறகு மாமாவை உயிரோடு பார்த்தவர்கள் எங்களில் யாரும் இல்லை.

ஃபெடரல் ஹைவேயில், பாதி வழிக்குக் கொஞ்சம் அப்பால், லாலாங் புல் மண்டிய மேட்டுக்குக் கீழே கார் நின்றிருந்ததை ஒரு லோரிக்காரர் பார்த்தார். மாமா எஞ்சினை அணைத்திருந்தார். கைப்பிரேக்கைத் தூக்கியிருந்தார். சாவியைக் கழற்றி முன்னால் வைத்துவிட்டு, இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். மாரடைப்பு. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும், “எவ்ளோ ஒழுங்கான மனுஷன் பாரு, காரை நிறுத்திட்டுல்ல போயிருக்காரு” என்று சொன்னார்கள். ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல அத்தை ஒவ்வொரு பிடியாகச் சுருங்கிக்கொண்டே போனாள்.

காரியம் முடிந்தபின் ஞாயிறுதோறும் மாமாவின் காரிலேயே அத்தையை அக்கா வீட்டுக்கு அழைத்துப்போகும் பொறுப்பை அப்பா ஏற்றுக்கொண்டார். முதல் ஞாயிறு, அந்த மேடு தூரத்தில் தெரிந்தபோது, பின்சீட்டிலிருந்து அத்தை கேட்டாள்.

“அண்ணே, அந்த எடத்துல ஒரு நிமிஷம் நிறுத்துறீங்களா?”

அப்பாவின் கால் பிரேக்குக்குப் போனது. அதற்குள் அம்மா திரும்பினாள். “வேணாம் அண்ணி. உசுரு போன எடத்துல நின்னு கூப்பிடக் கூடாது. அவரு போற வழிய நாமளே மறிச்ச மாதிரி ஆயிடும்.”

அப்பா காலை எடுத்துவிட்டார். அத்தை அதற்குமேல் கேட்கவில்லை. பிறகு எந்த ஞாயிறும் கேட்கவில்லை.

காருக்குப் பொட்டு வைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். ஞாயிறு காலை கிளம்புவதற்குமுன் சந்தனத்தைக் குழைத்து இரண்டு விளக்கிலும் பானெட்டிலும் ஸ்டீயரிங்கிலும் வைத்து, நடுவே குங்குமம். மாமா இருந்தவரை அது அத்தையின் வேலை. இனி அத்தை வைக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் யாருக்கும் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து அவளே கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள்.

“நீ சின்னப் பொண்ணு. நீ வைக்கலாம். வை.”

எனக்கு ஒன்பது வயது. நாலு இடத்திலும் வைத்தேன். அத்தை என்னைக் காரின் பின்பக்கம் அழைத்துப்போனாள். அங்கே, பெட்ரோல் டேங்கின் வட்ட மூடி. பெட்ரோல் எண்ணெய் போட்டு மூடியதும் மாமா அதை இரண்டு விரலால் தட்டுவார், குழந்தையின் கன்னத்தைத் தட்டுகிற மாதிரி. “இங்கயும் ஒன்னு வை, மாமா கை பட்ட எடம்” என்றாள். மூடியின் நட்டநடுவில் ஊசிமுனை அளவு ஒரு துளை இருந்தது. பொட்டு எங்கே வைக்க வேண்டும் என்பதற்கு அடையாளம் என்றே நினைத்தேன்.

அந்த ஞாயிறு கார் நின்றது.

முதலில் ஒரு இருமல். அப்புறம் உடம்பு முழுக்க ஒரு நடுக்கம். அப்பா அழுத்த அழுத்த எஞ்சினின் குரல் தேய்ந்து, அறுந்தது. சத்தம் போனபிறகும் கார் கொஞ்ச தூரம் உருண்டது. சரளைக்கல் டயருக்கடியில் நெறிபட, தானாக வழி தெரிந்ததுபோல் ஓரம் போய் நின்றது. வலப்பக்கம் லோரிகள் பறந்துகொண்டிருந்தன. இடப்பக்கம் லாலாங் புல் மேடு. அம்மா அந்த மேட்டைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், கதவைத் திறந்துகொண்டு இறங்கி, முந்தானையை வாயில் வைத்தபடி தூரப்போய் நின்றாள். அப்பா பானெட்டைத் தூக்கினார். அதற்குப் பின்னால் அவர் முகம் மறைந்தது.

காருக்குள் அத்தையும் நானும் மட்டும். உலோகம் ஆறுகிற சத்தம், டிக், டிக் என்று. அப்பா எழுந்துபோன டிரைவர் சீட், அவர் எடையில் அமுங்கியிருந்தது, மெல்ல மேலே எழும்பத் தொடங்கியது. உள்ளே ஸ்பிரிங் ஒவ்வொன்றாக முனகியது. யாரோ எழுந்த சத்தம் அது. ஆனால் கேட்பதற்கு யாரோ உட்காருகிற சத்தமாகவே இருந்தது. அத்தை கண்ணாடியைக் கீழே இறக்கினாள். முன்னால் சாய்ந்து, அந்தச் சீட்டின் முதுகில் கையை வைத்தாள்.

“பொத்தான் தச்சிட்டேன்” என்றாள்.

என்னிடம் சொல்லவில்லை. அந்த வெற்றுச் சீட்டைப் பார்த்துச் சொன்னாள். பிறகு நிறுத்தினாள். ஒருவர் பதில் சொல்ல எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம். தலையை ஆட்டினாள். “ஆமா, அந்த நீலச் சட்டைதான்” என்றாள். மறுபடி இடைவெளி. அந்தப் பேச்சில் என்னைப் பயமுறுத்தியவை அவள் சொன்ன வார்த்தைகள் அல்ல, இடைவெளிகள். அவை வெவ்வேறு நீளத்தில் இருந்தன.

பத்து நிமிடம் இருக்கும். காரின் பின்பக்கமிருந்து, எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து, ஒரு மெல்லிய சீழ்க்கை எழுந்தது. நீண்டு, அகன்று, ஒரு பெருமூச்சாக முடிந்தது. அத்தை சீட்டிலிருந்து கையை எடுத்தாள்.

“அப்பாவக் கூப்புடு. கெளம்பலாம்.”

அப்பா வந்து சாவியைத் திருப்பினார். ஒன்றுமே நடக்காததுபோல் கார் ஓடியது.

அதன்பின் ஞாயிறுதோறும் இதுதான். போகும்போது நிற்கும், அதே மேட்டடியில். பத்து கஜம் முன்னே பின்னே இருந்திருக்கலாம். என் நினைவு அதை ஒரே புள்ளியாகச் சுருக்கிவைத்திருக்கிறது. வரும்போது நிற்காது. அப்பா ஒரு அலுவலகத்தில் கிளார்க். ஆனால் அட்டை கிழிந்த ஒரு கார் புத்தகம் கைக்கு வந்ததும் தன்னை எஞ்சினியராக நியமித்துக்கொண்டார். முதல் வாரம் பாயிண்டைத் தேய்த்தார். அடுத்து கண்டென்சரை மாற்றினார். சூடானால் பொறிக்கு மின்சாரம் தரும் காயில் வேலை நிறுத்தும், ஆறினால் ஓடும் என்று புத்தகத்தில் படித்துவிட்டுப் புதுக் காயில் போட்டார். பிளக்கைக் கழற்றி நெருப்புப் பொறி வருகிறதா பார்த்தார், வந்தது. வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிறது என்ற முடிவுக்கு வந்து, ஈரத்துணியை பம்புக்குக் கட்டினார். கார்புரேட்டரைப் பிரித்து, பழைய செய்தித்தாளில் பரப்பி, மீண்டும் பூட்டியபோது ஒரு திருகு மிச்சம் இருந்தது. அது தேவையில்லாத திருகு என்று சொன்னார். அம்மா தன் பங்குக்கு நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கவைத்தாள்.

நடுவில் ஒரு ஞாயிறு எனக்குக் காய்ச்சல். நான் படுத்திருந்தேன், பொட்டு வைக்க ஆளில்லை. அன்று கார் நிற்காமல் போனது. புதுக் காயில்தான் காரணம் என்று அப்பா தெருவெல்லாம் சொன்னார். அடுத்த வாரம் நான் சந்தனம் தொட்டபோது அத்தை என் கூடவே நின்றாள். விளக்கு, பானெட், ஸ்டீயரிங் ஆனது. டேங்க் மூடியருகே குனிந்து, “நல்லா அழுத்தி வை, கண்ணு” என்றாள். அழுத்தி வைத்தேன். அரை மணி நேரம் கழித்து, மேட்டடியில், கார் இருமியது.

அப்போதுதான் பினாங்கிலிருந்து மாமாவின் மகன் போன் செய்தார். நடுரோட்டில் நிற்கிற காரில் அம்மாவை உட்காரவைத்துக்கொண்டு போவது ஆபத்து. தீபாவளிக்குள் சரியாகவில்லையென்றால் பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிடுங்கள் என்றார். என் அம்மாவுக்கும் அதே எண்ணம். “அந்தக் கார்ல அவரு இன்னும் உக்காந்திருக்காரு. எனக்குத் தெரியும்” என்று சமையலறையில் அழுதாள்.

அன்று சாயங்காலம் அத்தை எங்கள் வாசலுக்கு வந்து நின்றாள். “அண்ணே, அத வித்துட்டா நான் எங்கண்ணே போவேன்?”

அப்பா பண்டமாரானுக்கு எத்தனை பஸ் இருக்கிறது என்று கணக்குச் சொல்ல ஆரம்பித்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். “சரி பண்ணிடுறேம்மா. தீபாவளிக்குள்ள சரி பண்ணிடுறேன். விக்க மாட்டோம்” என்றார். அத்தை திரும்பிப்போனாள்.

பண்டமாரானில் ஒரு சீன மெக்கானிக் இருந்தார். ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். எங்கள் அப்பாவைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். எல்லோருக்கும் அவர் அங்கிள். அடுத்த ஞாயிறு, வழக்கம்போல் நின்று, வழக்கம்போல் கிளம்பி, எங்கும் பெட்ரோல் போடாமல் நேரே அவர் பட்டறைக்குப் போனோம். அப்பா மாற்றிய சாமான்களின் பட்டியலை அவர் பொறுமையாகக் கேட்டார்.

“காரே புதுசாயிடுச்சி. சரி, கெளம்பி எவ்ளோ நேரத்துல நிக்கிது?”

“அரை மணி நேரம் அங்கிள். எப்பவும் அதே எடம்.”

“திரும்பி வர்றப்ப?”

“வர்றப்ப நிக்காது.”

“போறப்ப மட்டுமா? நல்ல பேய்லா. வீட்டுக்குப் போறவங்கள ஒன்னும் செய்யாது.” அவர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. “திரும்புறதுக்கு முன்னாடி என்ன செய்வீங்க?”

“ஒன்னும் செய்ய மாட்டோம். எண்ணெய் ஊத்துவோம். கிள்ளான்லதான் ஊத்துறது வழக்கம்.”

அங்கிள் சிரிப்பை நிறுத்தினார். பானெட் பக்கம் போகவே இல்லை. பின்னால் நடந்துபோய், டேங்க் மூடியைப் பிடித்துத் திருகினார். ‘ஸ்ஸ்ஸ்’ என்று அந்தப் பெருமூச்சு வந்தது, நெடுஞ்சாலையில் கேட்டதைவிடச் சத்தமாக. அம்மா “ஐயோ” என்று என் தோளைப் பிடித்தாள். பின்சீட்டில் இருந்த அத்தை திரும்பிப் பார்க்கவில்லை.

அங்கிள் மூடியை வெளிச்சத்தில் பிடித்தார். சந்தனம் காய்ந்து, நடுவில் குங்குமம் கருத்திருந்தது. ஒரு கம்பியால் குத்தினார். அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது.

“பால் டின்னுல ஒரு ஓட்ட போட்டா பால் ஊத்துமா? ரெண்டு போடணும்ல. டேங்குல எண்ணெய் கொறைய கொறைய உள்ள காத்து போகணும். இதுதான் அது மூச்சு விடுற ஓட்ட. அதுல பொட்டு வச்சி அடச்சிட்டீங்க. அரை மணி நேரம் மூச்சப் புடிச்சிக்கிட்டு ஓடும், அப்புறம் நிக்கும். கொஞ்ச நேரத்துல சந்தனம் விரிசல் விட்டு காத்து போயிடும், மறுபடி ஓடும். கிள்ளான்ல மூடியத் தொறக்குறப்ப சந்தனம் உதுந்துடும், அதனால வர்றப்ப நிக்கிறதில்ல.”

அப்பாவுக்கு அவமானமும் ஆனந்தமும் ஒரே நேரத்தில் வந்தன. “இத யாரு வச்சது?”

எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். நான் அத்தையைப் பார்த்தேன். அவள் ஒரு வார்த்தை சொல்வாள் என்று நினைத்தேன். வளையல் இல்லாத தன் கையை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான்தான்” என்றேன்.

அங்கிள் சொன்ன காரணத்தை அப்பா நம்பினாலும் அவர் விடவில்லை. நிரூபித்துக் காட்ட வேண்டும் என்றார். துளையில் சோப்பை அழுத்தி அடைத்து, அவரே ஓட்டினார். அம்மா பட்டறையில் தங்கிவிட்டாள். அத்தை இறங்கவில்லை, நானும் அவள் பக்கத்திலேயே இருந்தேன். துறைமுகச் சாலைகளில் சுற்றிச் சுற்றி வந்தோம். அரை மணி நேரத்தில் அதே இருமல், அதே நடுக்கம். லோரிகள் நிறுத்தும் ஒரு காலி மைதானத்துக்கு எதிரே கார் நின்றது. “பாத்தீங்களா, பேய் பண்டமாரானுக்கும் வந்துடிச்சி” என்றார் அங்கிள். அவரும் அப்பாவும் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். டிரைவர் சீட் முனகியபடி எழும்பியது. அத்தை பழக்கத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டாள். முன்னால் சாய்ந்தாள். மைதானத்தைப் பார்த்தாள், துருப்பிடித்த வேலியைப் பார்த்தாள், அங்கே கட்டியிருந்த ஒரு நாயைப் பார்த்தாள். வீட்டு எண்ணை மறந்தவள் தெருவில் நிற்பதுபோல் இருந்தது அவள் முகம். வாய் அசையவில்லை. கையைச் சீட்டில் வைக்காமலே மடக்கிக்கொண்டாள்.

மாமா நின்ற இடமும் பொட்டு வைத்த கார் நின்ற இடமும் எப்படி ஒன்றாயின என்று அங்கிளிடம் யாரும் கேட்கவில்லை. அவராகவும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு. அப்பா டேங்க் மூடியைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். நாலு இடத்தில் பொட்டு வைத்து முடித்தேன். அத்தை காரின் பின்னால் போய் நின்றாள். கிண்ணத்தை என் பக்கம் லேசாகச் சாய்த்தாள். என் விரல் சந்தனத்தைத் தொட்டது. மூடிவரைக்கும் போனது.

“அப்பா திட்டுவாரு அத்தை.”

“சரி, வேணாம்” என்றாள் உடனே. என் விரலை அவளே தன் முந்தானையில் துடைத்துவிட்டாள்.

அன்று கார் புதுக்கார் போல ஓடியது. அப்பா சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து பாட்டுக்கூட முணுமுணுத்தார். லாலாங் மேடு தூரத்தில் தெரிந்தபோது அத்தை கண்ணாடியை இறக்கினாள். மேடு நெருங்கியது. எஞ்சின் இருமவில்லை. காற்றில் முடி பறக்க, வெளியே பார்த்து, வேகவேகமாகத் தாழ்ந்த குரலில் ஆரம்பித்தாள்: “இங்க பாருங்க, அன்னிக்கு நான் வரலன்னு சொன்னது...”

மேடு போய்விட்டது. வாக்கியம் பாதியில் நின்றது. பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தாள். ஒரு லோரி வந்து மறைத்தது. கண்ணாடியை மெதுவாக, ஒவ்வொரு சுற்றாக மேலே ஏற்றினாள்.

பண்டமாரானில் இறங்கியதும் அப்பாவிடம் சொன்னாள். “அண்ணே, காரை வித்துருங்க.”

அப்பா சாவியும் கையுமாக நின்றார். “ஏம்மா, இப்பதானே நல்லா ஓடுது?”

“ஆமாண்ணே. நல்லா ஓடுது.”

தீபாவளிக்கு முந்தைய வாரம், கோலாலம்பூர் ஸ்டேஷனில் காலை ரயில். அத்தை தன் மகனோடு பினாங்குக்குப் போகிறாள், திரும்பி வருவதாக இல்லை. அம்மா சாமான்களை எண்ணிக்கொண்டிருந்தாள். அப்பா, அந்த மாதிரிக் கார் இனிமேல் கிடைக்காது என்று மகனிடம் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். எனக்குள் மூன்று வாரமாக ஒரு கல். என்னால்தான் கார் நின்றது, கார் நின்றதால்தான் அம்மா அழுதாள், அப்பா அத்தனை ஞாயிறு வெயிலில் கருகினார், கடைசியில் அத்தையே ஊரைவிட்டுப் போகிறாள். ஒன்பது வயதுக்கு அதற்குமேல் எட்டவில்லை. புத்தகம் வைத்திருந்த அப்பாவுக்கும் பட்டறை வைத்திருந்த அங்கிளுக்கும் முன்னாலேயே, எனக்குக் காய்ச்சல் கண்ட அந்த ஞாயிறே, காரின் நோய் என்னவென்று அத்தை கண்டுபிடித்துவிட்டாள் என்பதோ, தெரிந்தே என் விரலை அந்தத் துளைக்கு நடத்திப்போனாள் என்பதோ, நிறுத்தக் கூடாது என்று எல்லோரும் சொன்ன இடத்தில் வாரம் பத்து நிமிடம் அவளுக்கு அப்படித்தான் கிடைத்தது என்பதோ எனக்குத் தெரியாது. சொல்லி முடிக்க அவளிடம் இன்னும் ஒரு வாக்கியம் மிச்சம் இருந்ததும் தெரியாது.

ரயில் ஊதியது. நான் சன்னலுக்குக் கீழே ஓடிப்போய்க் கத்தினேன். “மன்னிச்சிருங்க அத்தை. நான்தான் கார நிப்பாட்டிட்டேன்.”

அவள் கம்பிக்கு வெளியே கையை நீட்டி என் விரலைப் பிடித்தாள். ரயில் நகரும்வரை விடவில்லை.

“நான் கேட்டப்ப யாரும் நிறுத்தலடி கண்ணு. நீ ஒருத்திதான் நிறுத்துன.”